விட்டிட்டு வந்தனாங்கள் என்று நாங்கள் சொன்னது

என் தம்பி எங்கள் ஊரைக் காட்டிக்கொடுத்துத்தான் பட்டம் வாங்கினான். அந்தப் பட்டத்தோடுதான் நீதவான் கதிரையில் போய் இருந்தான்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கோபம்தான். ஆனால் இதில் ஒரு வரியும் பொய் இல்லை. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கருவாடு போடுகிறவள். சோடித்து எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். அவன் படித்தவன். பிழை இருந்தால் எங்கே என்று அவனே சொல்லட்டும்.

எங்கள் ஊர் மன்னாரில் முசலிப் பக்கத்துக் கடற்கரையில் இருக்கிறது. இருந்தது என்று எழுத மாட்டேன். வீடுகள் இருக்கின்றன, கிணறுகள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது. சுற்றிவரக் கம்பி வேலி, உள்ளே படை முகாம், அவ்வளவுதான் வித்தியாசம். சண்டைக் காலத்தில் ஒருநாள் விடிந்ததும் எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னார்கள். மூன்று நாளில் திரும்பி வரலாம் என்றும் சொன்னார்கள். அதனால் மூன்று நாளுக்கு வேண்டிய சாமானைத்தான் எடுத்தோம். பக்கத்து வீட்டு மாமி தோசைக்கு உளுந்து ஊறப் போட்டிருந்தா. சட்டியை மூடி, பூனை தட்டாமல் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தா. என் மனுசன் முதல்நாள் பின்னேரம் கடலில் வலை விட்டிருந்தார். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறேன் என்று கெஞ்சினார். விடவில்லை. திரும்பி வந்து எடுக்கலாம்தானே என்றார் வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்.

மூன்று நாள் வருடக்கணக்காகியது. முருங்கனில் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கொஞ்சக் காலம் கிடந்தோம். பிறகு சொந்தக்காரர் வளவுகளில். சண்டை முடிந்ததும் மீள்குடியேற்றம் என்று சொல்லிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு மூன்று கட்டைத் தூரம் இந்தப் பக்கம், காட்டோரத்தில் இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு தறப்பாள், கொஞ்சத் தகரம், ஒரு மண்வெட்டி. முகாம் எழும்பிப் போனதும் ஊருக்குப் போகலாம் என்றார்கள். அரசாங்கக் கந்தோர்ப் பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே மீள்குடியேறியோர் என்று எழுதியிருந்தது. நாங்கள் மீளவும் இல்லை, குடியேறவும் இல்லை.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். நாங்கள் வெளிக்கிட்ட காலத்தில் அவன் கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். சண்டை முடிந்தபோது மன்னார் நீதிமன்றத்தில் சட்டத்தரணி. சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து இறங்குவான். பாலை மரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்துவோம். ஊர்ச் சனம் காணி உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். அவன் ஒவ்வொருவருக்கும் மனு எழுதிக் கொடுப்பான். ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். அவன் அப்போது நல்லவனாகத்தான் இருந்தான்.

ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தில் சட்டமுதுமாணி படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது என்று சொன்னான். சனத்துக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. இனி மனு எழுதுவது யார்?

"இஞ்ச நிண்டா நான் மனு எழுதுற ஆள் மட்டும்தான்" என்றான் தம்பி. "அந்தப் படிப்பு இருந்தா நீதிச்சேவைக்கு எடுபடலாம். பிறகு மனுவை வாசிச்சுத் தீர்ப்புச் சொல்லுற ஆளா வருவன்."

"அப்ப எங்கட மனுவை நீயே வாசிச்சு நீயே தீர்ப்புச் சொல்லு ராசா" என்றா உளுந்து ஊறப் போட்ட மாமி.

"அப்பிடிச் செய்யேலாது மாமி. நீதவான் சொந்த ஊர் வழக்கைக் கேக்கக்கூடாது."

"அப்ப நீ நீதவானாகி எங்களுக்கு என்னடா பிரியோசனம்?"

எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். மாமியின் கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை என்பதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

போகமுதல் அவனை மடுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று நெடுநேரம் செபித்தான். என்ன கேட்டாய் என்று கேட்டேன். "ஊர் கேட்டனான்" என்றான். நான் அதை நம்பினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது முன்னால் இருந்த, எனக்குத் தெரியாத ஒரு மனுசியிடம், என் தம்பி நீதிபதிக்குப் படிக்க லண்டன் போகிறான் என்று நானாகச் சொன்னேன். அவ கேட்கவேயில்லை.

போய் ஏழெட்டு மாதத்தில் திரும்பி வந்து மூன்று கிழமை நின்றான். அங்கே படிப்பு முடிக்க ஒரு பெரிய ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டுமாம். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் காணிக்குத் திரும்பும் உரிமை பற்றியே எழுதப் போவதாகச் சொன்னான். அதற்கு எங்கள் சனத்தின் வாக்குமூலம் வேண்டும். "இது அங்க அச்சில வந்தா இஞ்ச இருக்கிற பெரிய ஆக்களும் வாசிப்பினம் அக்கா" என்றான். பெரிய ஆக்கள் வாசித்தார்கள். அதில் மட்டும் அவன் சொன்னது சரி.

சனம் லேசில் வாய் திறக்கவில்லை. அந்தக் காலம் அப்படி. கூட்டத்தில் ஒருவர் எழும்பி ஒரு கேள்வி கேட்டால், அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து அவருடைய கொட்டில் எது என்று விசாரிக்கும். ஆகவே நான் முன்னால் போனேன். நாற்பது குடும்பத்துக்கு மேல். ஒவ்வொரு கொட்டிலுக்கும் நான்தான் முதலில் குனிந்து உள்ளே போவேன். "என்ர தம்பிதானே, பயப்பிடாம சொல்லுங்கோ" என்பேன். அவன் கையடக்க ரெக்கோடரை வைப்பான். அவன் கொண்டுவந்த சம்மதப் படிவத்தில் அவர்கள் கையெழுத்து வைப்பார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. எல்லாப் படிவத்திலும் என்னுடையது.

மாமியின் கொட்டிலில் நடந்ததை மட்டும் சரியாக எழுத வேண்டும். ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

மாமி தொடங்கும்போதே "எங்களைத் துரத்தினவங்கள் தம்பி" என்றா.

தம்பி ரெக்கோடரை நிற்பாட்டினான்.

"மாமி, அந்தச் சொல்லு வேண்டாம். துரத்தினவை எண்டு சொன்னா ஆர் துரத்தினது எண்டு வரும். பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல். பொம்பிளைப் பிள்ளையளை வச்சுக்கொண்டிருக்கிறியள்."

"அப்ப என்னெண்டு சொல்ல? பறந்து வந்தனாங்கள் எண்டோ?"

"விட்டிட்டு வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ. அதுவே காணும். வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கும்."

மாமி என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன். அவன் ரெக்கோடரைத் திரும்பப் போட்டான். மாமி, வீட்டை விட்டிட்டு வந்தனாங்கள், மாட்டை விட்டிட்டு வந்தனாங்கள், உளுந்தை ஊறப் போட்டது போட்டபடி விட்டிட்டு வந்தனாங்கள் என்று சொன்னா. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு கொட்டிலிலும் அவன் முதலே அதைச் சொல்லி வைத்தான். சில இடங்களில் அவனுக்குப் பதிலாக நானே சொன்னேன். என் மனுசன்கூட அப்படித்தான் சொன்னார். "வலையை விட்டிட்டு வந்தனான்."

எங்கள் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விளங்கப்படுத்த வேண்டியதில்லை. பின்னேரம் கடலில் வலையை விட்டிட்டு வருவார்கள். விடிய எடுக்கப் போவார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டிட்டு வருவோம். மத்தியானம் கூட்டிக்கொண்டு வருவோம். திரும்பிப் போய் எடுப்பதற்காக வைத்துவிட்டு வந்தால்தான் அந்தச் சொல். தம்பியும் அந்தக் கடற்கரையில் வளர்ந்தவன். எங்கள் ஐயா வலை விட்டிட்டு வந்த பின்னேரங்களில், அவர் தோளிலிருந்து இறங்காமல் சோறு தின்றவன்.

அவன் திரும்பிப் போய் இரண்டு மாதமிருக்கும். நான் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கை முழுக்க உப்பு. தோளில் போனை இடுக்கிக்கொண்டு கதைத்தேன். சாப்பிட்டாயா, குளிரா என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, இடையில் அவன் கேட்டான்.

"அக்கா, எல்லாரும் விட்டிட்டு வந்தனாங்கள் எண்டுதானே சொன்னவை?"

"ஓம்."

"ஒருத்தரும் துரத்தினவை எண்டு சொல்லேல்லைத்தானே? ரெக்கோட்டில?"

"ஓம், நீ சொன்ன மாதிரித்தான் எல்லாரும் சொன்னவை. ஏன்?"

"சும்மா. சரிபாக்கிறதுக்கு."

அந்த ஓம் என்னுடையது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பட்டமளிப்புப் படம் வந்தது. கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, பின்னால் ஒரு பழைய கல் கட்டிடம். அதைப் பெரிதாக அடித்து, கொட்டிலில் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அவன் திரும்பி வந்து நீதிச்சேவைப் பரீட்சை எழுதினான். நேர்முகத் தேர்வுக்குப் போனான். அங்கே அந்த ஆய்வுக்கட்டுரையைப் பற்றித்தான் நெடுகக் கேட்டார்களாம். எந்தப் பக்கமும் சாயாத எழுத்து என்று பாராட்டினார்களாம். அவனே வந்து சொன்னான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் எங்களைப் பற்றி எப்படி எழுதலாம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நியமனம் தூரத்தில் ஒரு மாவட்டத்தில் கிடைத்தது. போகமுதல் ஊர் கூடி வரவேற்பு வைத்தது. நாங்கள் போட்ட தகரக் கோயிலிலிருந்து பாலை மரம்வரை சேலை கட்டி அலங்காரம். ஆண்கள் கடலுக்குப் போகவில்லை. நான் சுறா வறையும் கணவாய்க் கறியும் காய்ச்சினேன். மாமி பொன்னாடை போர்த்தினா. அவன் எழும்பி நின்று, "உங்கட சொல்லுத்தான் என்னை இந்த இடத்துக்குக் கொண்டு வந்தது" என்றான். கை தட்டினோம். எங்களுக்கு அவன் கும்பிட்டுச் சொல்வது போலத்தான் கேட்டது.

அதற்குப் பிறகு பஸ்ஸில் எனக்கு யாராவது எழும்பி இடம் தருவார்கள். நீதவான்ர அக்கா. சொல்ல வெட்கம்தான், நான் அந்த இடத்தில் இருந்தேன்.

சில வருடத்துக்குப் பிறகு எங்கள் காணிகளைப் பற்றி விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். பிரதேச செயலக மண்டபத்தில் அமர்வு. இரண்டில் ஒன்று முடிவாகும் என்றார்கள். ஒன்று, ஊர் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் முருங்கன் பக்கம் உள்ளுக்கு மாற்றுக்காணி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஊர். தாங்களாகக் காணியைக் கைவிட்டுப் போனவர்களுக்கு மாற்றுக்காணி போதும். எங்களுக்கு விளங்கிய அளவில் பிரச்சினை அவ்வளவுதான். எங்களுக்காகக் கதைக்க மன்னாரிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்திருந்தார். மறுபக்கத்துக்கு அரசாங்கம் அனுப்பிய ஒருவர்.

மாமியை முதலில் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலை உடுத்து, உறுதியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தா. மறுபக்கத்துச் சட்டத்தரணி ஒரு தடித்த போட்டோப் பிரதிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கத்தை விரித்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார்.

"தோசைக்கு உளுந்து ஊறப் போட்டுவிட்டு வந்ததாக ஒரு பெண் இதில் சொல்கிறார். அது நீங்கள்தானா அம்மா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

மாமியின் முகம் மலர்ந்தது. "ஓம், நான்தான். அதில வந்திருக்கோ?"

"வந்திருக்கிறது. அதற்கு அடுத்த வரியைக் கேளுங்கள். நாங்கள் எங்கள் வீடுகளையும் காணிகளையும் கைவிட்டுச் சென்றோம்."

 மாமி முன்னால் குனிந்தா.

"என்னது? திருப்பிச் சொல்லுங்கோ."

அவர் திருப்பிச் சொன்னார்.

"கைவிட்டனாங்களோ? ஆர் கைவிட்டது? விட்டிட்டு வந்தனாங்கள் எண்டுதான் நான் சொன்னனான்."

"இரண்டும் ஒன்றுதானே அம்மா?"

"என்னெண்டு ஒண்டு? உங்கட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வந்தா பிள்ளையைக் கைவிட்டிட்டியள் எண்டோ அர்த்தம்? பின்னேரம் போய்க் கூட்டிக்கொண்டு வாறேல்லையோ?"

சனம் சிரித்தது. குழுவில் இருந்த ஒருவரும் சிரித்தார். மறுபக்கத்துச் சட்டத்தரணி சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னார். இதை எழுதியவர் வெளியாள் இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். பலவந்தம் நடந்ததாக ஒரு சாட்சியும் சொல்லவில்லை என்று இதே நூலில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அவர் ஒரு நீதவான். அவருக்கு உங்கள் தமிழ் தெரியாது என்று சொல்லப் போகிறீர்களா?

 மாமி திரும்பி என்னைப் பார்த்தா. கொட்டிலில் அன்றைக்குப் பார்த்த மாதிரியே பார்த்தா. இந்த முறை நான் தலையாட்டவில்லை.

அடுத்த நாள் தண்ணீர் பவுசர் வந்தபோது வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற ஒருத்தி நல்ல சத்தமாகக் கேட்டாள். "அக்கா, வாளியை விட்டிட்டுப் போறியளோ, கைவிட்டிட்டுப் போறியளோ? சொன்னா நான் எடுத்துப் பாவிப்பன்." எல்லாரும் சிரித்தார்கள். வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். பிறகு பஸ்ஸிலும் ஒருவரும் எழும்பவில்லை. அது பரவாயில்லை. எனக்குக் கால் இருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சட்டத்தரணியிடம் பிரதி வாங்கிப் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார்.

"சுவாமி, அந்த இங்கிலிஷ் சொல்லு உண்மையிலயே கைவிடுறதுதானோ?"

"ஓம் பிள்ளை. பிறந்த குழந்தையை ரோட்டில போட்டிட்டுப் போனா பேப்பரில எழுதுறது இந்தச் சொல்லைத்தான்."

"வேற சொல்லு இல்லையோ இங்கிலிஷில?"

"ஏன் இல்லை? சும்மா இருந்த இடத்திலயே மூண்டு நாலு சொல்லுவன். உம்மட தம்பிக்கும் அது தெரியும்."

இன்னும் தேடினார். பயத்தினால் சனம் சில சொற்களைத் தவிர்த்தது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். கடைசிப் பக்கம்வரை புரட்டினார். இல்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. தன் அன்பான அக்கா இல்லாவிட்டால் ஊரார் மனம் திறந்திருக்க மாட்டார்கள் என்று. சுவாமி அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை. பிரதியைச் சுருட்டிக்கொண்டு எழும்பினேன்.

நான் தம்பியைப் பார்க்கப் போனேன். மூன்று பஸ் மாறி, பாரைக் கருவாட்டை நாலு பொலித்தீனில் சுற்றிக்கொண்டு. ஏன் கருவாடு கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள், அவன் வீட்டுக்கு வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. வாசலில் நின்ற பொலிஸ்காரர் ஐயாவைப் பார்க்க முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார். "நான் ஐயாவுக்குக் குண்டி கழுவி விட்ட அக்கா எண்டு போய்ச் சொல்லும்" என்றேன். தம்பியே வெளியில் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

தேத்தண்ணி வந்தது. நான் தொடவில்லை.

"அந்தச் சொல்லை ஏன் போட்டனீ?"

"எந்தச் சொல்லு?"

"உனக்குத் தெரியும்."

 "அது சட்டத்தில இருக்கிற ஒரு வகை அக்கா. எந்த வகைக்குள்ள போடுறாய் எண்டு அங்க பேராசிரியர் கேட்டவர். பலவந்தம் எண்டு போடுறதெண்டா சாட்சி வேணும். ஒருத்தரும் சொல்லேல்ல."

"சொல்ல வேண்டாம் எண்டு சொன்னது நீ."

"அது உங்கட பாதுகாப்புக்கு."

"சரி. பயத்தில சொல்லேல்ல எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாமே. பேர் போடாம."

"எழுதியிருந்தா என்னை இந்த வேலைக்கு எடுத்திருப்பினமோ?"

அது அவன் வாயிலிருந்து தானாக வந்தது. வந்த பிறகு கோப்பையைத் தூக்கினான், குடிக்காமல் வைத்தான். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். எங்கள் சட்டத்தரணி சொல்லி விட்டதை அப்படியே சொன்னேன். எழுதியவரே ஒரு கடிதம் கொடுத்தால் போதும். விட்டிட்டு வந்தது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம், அந்த வார்த்தையை ஏன் சொன்னார்கள், இரண்டே பந்தி. கடைசி அமர்வுக்கு முன்னால் கொடுத்தால் குழு ஏற்றுக்கொள்ளும்.

"நான் இப்ப நீதவான் அக்கா. நடக்கிற விசாரணையில தலையிடக்கூடாது."

"உன்ர புத்தகம் ஏற்கெனவே அங்க வந்து மேசையில கிடக்குது. அது தலையிடேல்லையோ?"

"அப்பிடி ஒரு கடிதம் குடுத்தா நான் பிழையா எழுதிப் பட்டம் எடுத்தனான் எண்டு வரும். மேல போற நேரத்தில அது பெரிய பிரச்சினை. உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்குது."

பிறகு என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். மாற்றுக்காணி நல்ல இடம்தானே என்றான். ரோட்டுக் கரை. ஆஸ்பத்திரி கிட்ட. மதவாச்சிப் பஸ் வாசலால் போகும். பக்கத்தில் குளம், வயல் செய்யலாம்.

"கடல் இருக்கோ?" என்று கேட்டேன்.

 நான் கருவாட்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும், சுவாமியிடம் கேட்டு, தகரக் கோயிலில் எழும்பி நின்றேன்.  நான் சொன்னது இவ்வளவுதான். உங்கள் கொட்டில்களுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது நான். சொல்லுங்கோ என்று சொன்னது நான். துரத்தினவை என்று சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னபோது தலையாட்டியது நான். போனில் அவன் கேட்டபோது ஓம் என்று சொன்னதும் நான். எதற்குக் கேட்கிறான் என்று விசாரிக்காமல் சொன்னேன். அது என் பிழை. உங்கள் எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

 பவுசர் வரிசையில் பகிடி பண்ணியவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மாமிதான் வாய் திறந்தா.

"இரு பிள்ளை, இரு. கேட்டவன் சட்டம் படிச்சவன். சொன்னவள் கருவாட்டுக்காரி. ஆரில பிழை எண்டு எனக்குத் தெரியும்."

நான் அதற்காக என்னை மன்னிக்கவில்லை. ஆனால் மாமி சொன்னபடி இருந்தேன்.

இனி உன்னிடம் நேரே சொல்கிறேன் தம்பி. ஆவணித் திருவிழா முடிந்து அடுத்த கிழமை கடைசி அமர்வு. ஊர் முழுக்க ஒரு பஸ் பிடித்துப் போகிறோம். அன்றைக்கு உன் புத்தகம் மட்டும் மேசையில் கிடந்தால் எங்கள் கடற்கரை போய்விடும். என் மனுசன் விட்ட வலை உக்கிப் போயிருக்கும், அது எனக்குத் தெரியும். அவர் வலை விடுகிற கடலும் போய்விடும். ஆகவே நீ வா. நீதவானாக வரவேண்டாம், பொலிஸ்காரரைக் கூட்டிவர வேண்டாம். அதை எழுதியவனாக வா. மாமி இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் நில். போனில் சொல்லாதே, என் காதுக்குள் சொல்லாதே, யாரிடமும் சொல்லி அனுப்பாதே. என் பிழையை நான் ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். நீயும் ஊருக்கு முன்னால், எல்லாருக்கும் கேட்க, தமிழில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்.

விட்டிட்டு வந்தனாங்கள் என்றால் எங்கள் கடற்கரையில் என்ன அர்த்தம்?

அதைச் சொல்லச் சொல்லி எங்களுக்குச் சொன்னது யார்?